அமெரிக்க அரசின் பூஞ்சைத் தொற்றுக் கண்டறிதல் காப்புரிமைக்கு உரிமம் வாங்குவது எப்படி?

ஒரு சிறிய நோயறிதல் கிட் நிறுவனத்துக்காக இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்திருக்கிறேன். பிறகு வேறு சிலர் செய்யும்போது பக்கத்திலிருந்து பார்த்தும் இருக்கிறேன். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: முதல் மின்னஞ்சலிலேயே "என்ன விலை?" என்று கேட்டுவிடுகிறார்கள். எதிர்முனையில் இருக்கும் அரசின் உரிம அதிகாரி கடைக்காரர் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பை நோயாளி வரை கொண்டுபோய்ச் சேர்க்க உங்களால் முடியுமா என்பதைத்தான் அவர் எடைபோடுகிறார். விலைப் பேச்சு கீழே பத்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒன்பது படிகள் இருக்கின்றன.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க மத்திய அரசின் காப்புரிமைகளைப் பற்றியது. குறிப்பாக சுகாதாரத் துறையின் கீழ் வரும் சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்), என்ஐஎச் (தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம்) ஆகியவற்றின் ஆய்வகங்களில் பிறந்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எந்தப் பூஞ்சை, எந்த மாதிரி (ரத்தம், சீரம், சிறுநீர், நுரையீரல் கழுவுநீர்), எந்த முறை (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர், கிருமியின் புரதம் போன்றவற்றைக் காட்டும் ஆன்டிஜென் ஸ்ட்ரிப், ஆன்டிபாடி கொண்டு தட்டில் செய்யும் எலைசா) என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். "பூஞ்சைகளுக்கான சோதனை" என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த எந்தப் படியும் நகராது. கேண்டிடா ஆரிஸை நோயாளியின் தோலிலிருந்து எடுத்த ஸ்வாபில் தேடுவது ஒரு சந்தை. அஸ்பெர்ஜில்லஸை ரத்தப் புற்றுநோயாளியின் சீரத்தில் தேடுவது முற்றிலும் வேறு சந்தை.

கூடவே ஒரு காப்புரிமை வழக்கறிஞரும், எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் வழி தெரிந்த ஒருவரும் வேண்டும். இருவரையும் முழுநேரமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 5ஆம் படியையும் 8ஆம் படியையும் இவர்கள் இல்லாமல் தாண்டாதீர்கள்.

2. அரசுக்குச் சொந்தமா, அரசு பணம் கொடுத்ததா?

இது முதல் பொறி. பல்கலைக்கழகக் காப்புரிமைகள் பலவற்றின் தொடக்கத்தில் "இந்தக் கண்டுபிடிப்பு அரசு நிதியுதவியுடன் செய்யப்பட்டது, அரசுக்குச் சில உரிமைகள் உண்டு" என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அரசுக்கு எழுதுகிறவர்கள் உண்டு. 1980இன் பே-டோல் சட்டப்படி, அரசுப் பணத்தில் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் பேச வேண்டியது அங்கேதான்.

அரசுக்கே சொந்தமானது என்றால் உரிமையாளர் பெயர் "அமெரிக்க ஐக்கிய நாடுகள், சுகாதார, மனிதச் சேவைகள் துறைச் செயலரின் வழியாக" என்ற பாணியில் நீளமாக இருக்கும். காப்புரிமைத் தேடல் தளத்தில் உரிமையாளர் கட்டத்தில் "சிடிசி" என்று மட்டும் தட்டினால் பெரும்பாலானவை கண்ணில் படாது.

இரண்டு பெயர்கள் இருந்தால், அதாவது அரசும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து உரிமையாளர்கள் என்றால், நிறுத்தி யோசியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமலே பயன்படுத்தலாம், உரிமமும் தரலாம். அரசிடம் மட்டும் "தனி உரிமம்" (வேறு யாருக்கும் தராமல் உங்களுக்கு மட்டும் தரும் உரிமம்) வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தால், மறுபக்கத்திலிருந்து உங்கள் போட்டியாளர் அதே உரிமையை வாங்கிக்கொண்டு போவார். இருவரும் தங்களுக்குள் உடன்படிக்கை செய்திருக்கிறார்களா, யார் முன்னின்று பேசுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

3. பழைய பெயர்களிலும் தேடுங்கள்

பூஞ்சைகளுக்குப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். காப்புரிமையில் பதிந்த பெயர் மாறாது. பெனிசிலியம் மார்னெஃபி இன்று டாலரோமைசஸ் மார்னெஃபி. கேண்டிடா கிளாப்ரேட்டா இன்று நாகசியோமைசஸ். கேண்டிடா குரூசி இன்று பிச்சியா. மனிதர்களைத் தாக்கும் நிமோசிஸ்டிஸை முன்பு கரினீ என்றார்கள், இப்போது ஜிரோவெசி. காக்சிடியாய்டிஸில் இமிட்டிஸ், போசடாசி என்று இரண்டு இனங்கள் உண்டு என்பது 2002இல்தான் நிலைபெற்றது; அதற்கு முந்தைய ஆவணங்களில் எல்லாமே இமிட்டிஸ்தான். மியூக்கோரேல்ஸைத் தேடுகிறவர்கள் சைகோமைசீட்ஸ் என்றும் தேட வேண்டும். 2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸுக்கே இப்போது கேண்டிடோசைமா என்று புதுப்பெயர் வந்துவிட்டது.

பெயர்த் தொல்லையிலிருந்து தப்பிக்க, காப்புரிமை அலுவலகங்கள் பொருள்வாரியாக இடும் வகைப்பாட்டு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். நியூக்ளிக் அமிலச் சோதனைகளில் பூஞ்சைகள் வரும் பிரிவு சி12க்யூ 1/6895. ஆன்டிபாடி வகைச் சோதனைகளுக்கு ஜி01என் 33/56961. (இந்த இரண்டிலும் தாவரங்களும் கலந்து வரும். கோதுமை, உருளைக்கிழங்கையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும்.) என்ஐஎச் தன் தளத்தில் வெளியிடும் உரிம வாய்ப்புகளின் பட்டியலையும் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள்.

4. காப்புரிமை உயிரோடு இருக்கிறதா?

இதைக் கடைசியில் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை அறிவேன். விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு என்பது பொதுக் கணக்கு. 1990களில் விண்ணப்பித்த பூஞ்சை புரோப் (குறிப்பிட்ட டிஎன்ஏவைத் தேடி ஒட்டும் துண்டு) காப்புரிமைகள் அநேகமாக எல்லாமே காலாவதி. காலாவதியானதற்கு உரிமம் வேண்டாம், இலவசமாகவே பயன்படுத்தலாம்.

20 ஆண்டு முடியாவிட்டாலும் நடுவில் இறந்திருக்கலாம். காப்புரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். யாரும் உரிமம் கேட்காத கண்டுபிடிப்புக்கு அந்தக் கட்டணம் கட்டாமல் விடுவது எங்கும் நடப்பதுதான். கட்டண நிலையை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் நேரடியாகப் பார்க்கலாம்.

அப்புறம் நாடு. எந்த நாட்டில் விண்ணப்பித்தார்களோ அங்கேதான் உரிமை. இந்தியாவில் விண்ணப்பிக்கவே இல்லை என்றால் இந்தியாவில் தயாரித்து இந்தியாவிலேயே விற்க அந்தக் காப்புரிமை தடை இல்லை; அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தால்தான் தடை. விண்ணப்பித்திருந்தாலும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவு நோயறியும் செய்முறைகளுக்குக் காப்புரிமை தருவதில்லை. அந்தப் பிரிவு எதுவரை நீளும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. இந்தியச் சந்தை உங்களுக்கு முக்கியம் என்றால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

5. கோரல்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது.

காப்புரிமையின் தலைப்பும் சுருக்கமும் எவ்வளவு பரந்ததாக இருந்தாலும் உரிமை என்பது கடைசியில் எண்ணிட்டு எழுதிய கோரல்களில் (claims) மட்டுமே இருக்கிறது. "அஸ்பெர்ஜில்லஸ் மற்றும் பிற இழைப் பூஞ்சைகளைக் கண்டறிதல்" என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் குறிப்பிட்ட சில டிஎன்ஏ எழுத்து வரிசைகள் கொண்ட புரோப்கள் மட்டும் கோரப்பட்டிருக்கும். உங்கள் சோதனை அந்த வரிசைகளைத் தொடவில்லை என்றால் இந்த உரிமம் உங்களுக்குத் தேவையே இல்லாமல் போகலாம்.

அடுத்து, அந்தக் கோரல் நீதிமன்றத்தில் நிற்குமா? 2013இல் மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள டிஎன்ஏ துண்டைப் பிரித்தெடுத்துவிட்டதாலேயே அதற்குக் காப்புரிமை கிடைக்காது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு மேயோ வழக்கில், இயற்கை விதியைச் சொல்லிவிட்டு வழக்கமான படிகளைச் சேர்ப்பது போதாது என்றிருந்தது. நம் துறைக்கு மிக நெருக்கமானது 2018இல் ரோஷ் - செஃபைட் வழக்கு. காசநோய்க் கிருமியைக் கண்டறியும் பிரைமர்களுக்கும் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பிசிஆர் முறைக்கும் கிடைத்திருந்த காப்புரிமை செல்லாது என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கிருமி வேறு என்றாலும் வாதம் அதேதான். ஆகவே "இந்தப் பூஞ்சையின் இந்த மரபணுப் பகுதிக்கு ஒட்டும் பிரைமர்" என்று மட்டும் சொல்லும் கோரலுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

என் சொந்தக் கணக்கு இது: இயற்கையில் இல்லாத மாற்றம் செய்த புரோப், குறிப்பிட்ட மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே செல்வழியில் வரும், ஒரே இலக்கில் ஒட்டும் ஆன்டிபாடி), வழக்கத்தில் இல்லாத ஒரு செய்முறைப் படி ஆகியவற்றைக் கோரும் காப்புரிமைக்கு மதிப்பு அதிகம். வெறும் வரிசைகளைக் கோருவதற்குக் குறைவு. அரசின் ஒப்பந்தத்தில் காப்புரிமை செல்லும் என்று எந்த உத்தரவாதமும் இருக்காது. அந்த ஆபத்து முழுக்க உங்கள் தலையில்தான்.

இதே படியில் எதிர்க்கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: இந்த உரிமம் கிடைத்தாலும் வேறு யாருடைய காப்புரிமையையாவது மிதிப்போமா? உரிமம் என்பது அரசு உங்கள் மேல் வழக்குப் போடாது என்ற உறுதி மட்டும்தான். சாயம், என்சைம், கருவி, வேறொருவரின் டிஎன்ஏ பெருக்க முறை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விடை காண வேண்டும்.

6. காப்புரிமை வேண்டுமா, பொருள் வேண்டுமா?

சில நேரம் உங்களுக்கு வேண்டியது காகிதம் இல்லை, ஃப்ரீசரில் இருக்கும் குப்பி. ஆன்டிபாடி தரும் ஹைப்ரிடோமா செல், சரிபார்த்த பூஞ்சை வகை இவையெல்லாம் காப்புரிமை இல்லாமலும் அரசு ஆய்வகத்தில் இருக்கலாம். அவற்றுக்கு என்ஐஎச்-இல் உயிரியல் பொருள் உரிமம் என்று தனி வகை உண்டு. ஆன்டிபாடி சோதனை செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காப்புரிமையைப் படித்து அதே தரத்தில் ஆன்டிபாடியை மறுபடி உருவாக்குவது எளிதல்ல.

கேண்டிடா ஆரிஸ் வகைகள் சோதனைக்கு மட்டும் வேண்டும் என்றால் சிடிசியும் எஃப்டிஏவும் சேர்ந்து நடத்தும் மருந்தெதிர்ப்புக் கிருமி வங்கியில் அதற்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. அதற்குக் காப்புரிமை உரிமம் தேவையில்லை.

7. எந்த வகை உரிமம்?

ஆய்வகத்துக்குள் மட்டும் பயன்படுத்தும் உரிமம், வேலை செய்கிறதா என்று பார்க்கக் குறுகிய காலத்துக்குத் தரும் மதிப்பீட்டு உரிமம், வணிக உரிமம் என்று வகைகள் உண்டு. தொழில்நுட்பத்தை நீங்கள் இன்னும் கையால் தொடவில்லை என்றால் மதிப்பீட்டு உரிமத்தில் தொடங்குங்கள். பூஞ்சையின் செல்சுவர் தடிமனானது. அதை உடைத்து டிஎன்ஏ எடுக்கும் வழி பெரும்பாலும் காப்புரிமையில் இருக்காது. உங்கள் கைமுறையில் அது வருகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் காற்றிலும் இருக்கும், சில நேரம் சோதனைக்கான ரசாயனக் கலவையிலும் இருக்கும். வெறும் தண்ணீரே பாசிட்டிவ் காட்டும் நாள்கள் வரும்.

வணிக உரிமத்தில் கேள்வி, உங்களுக்கு மட்டுமா, பலருக்குமா என்பது. புதியவர்கள் எல்லோரும் தனி உரிமம்தான் கேட்கிறார்கள். சட்டம் அதற்குக் கேள்விகள் வைத்திருக்கிறது: தனியுரிமை இல்லாவிட்டால் முதலீடு வராது என்பது நியாயமா, பொதுமக்களுக்கு நன்மையா, போட்டியைக் கெடுக்காதா, கேட்கும் பரப்பு தேவைக்கு மேல் போகவில்லையா. உங்களுடையது சந்தையில் ஏற்கெனவே உள்ள பிசிஆர் கருவியில் ஓடும் சிறு கிட் என்றால் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் திணறுவீர்கள். பலருக்கும் தரும் உரிமம் சீக்கிரம் கிடைக்கும், செலவு குறைவு, பொது அறிவிப்பும் வேண்டாம்.

தனி உரிமம் தேவைதான் என்றால் பயன்பாட்டு எல்லையைக் குறுக்குங்கள். "எல்லாப் பூஞ்சைகளும், எல்லா முறைகளும், உலகம் முழுவதும்" என்பதற்குப் பதில் "ஹிஸ்டோபிளாஸ்மா, சிறுநீர், ஸ்ட்ரிப் சோதனை, அமெரிக்கா" என்று கேட்டால் மறுக்கக் காரணம் குறையும். சிறு நிறுவனம் என்றால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். தனி உரிமத்தில், மற்ற விண்ணப்பதாரருக்கு இணையாகச் செய்து முடிக்கக்கூடிய சிறு நிறுவனத்துக்கே சட்டம் முதல் முன்னுரிமை தருகிறது.

கூட்டாய்வு ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு விஞ்ஞானியோடு சேர்ந்து வேலை செய்ய "கிராடா" என்ற ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டால் பழைய காப்புரிமையும் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. வழக்கமாக அந்தக் கூட்டாய்வில் புதிதாகப் பிறப்பதற்குத்தான் அதில் வழி உண்டு. முன்பே இருந்ததற்குப் பெரும்பாலும் வேறாக ஓர் உரிமம் வாங்க வேண்டும்.

8. விண்ணப்பமும் வளர்ச்சித் திட்டமும்

விண்ணப்பத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 37ஆம் தலைப்பு, 404ஆம் பகுதி பட்டியலிடுகிறது: காப்புரிமை எண், உரிம வகை, நிறுவனம் செய்யும் தொழில், ஊழியர் எண்ணிக்கை, சிறு நிறுவனமா, பயன்பாட்டு எல்லை, நாடுகள். இதையெல்லாம் ஒரு மதியத்தில் நிரப்பிவிடலாம்.

உயிர்நாடி அதனுடன் வைக்கும் வளர்ச்சித் திட்டம்தான். காலம், பணம், ஆள், படிகள். உரிம அதிகாரி இதைத்தான் வரிவரியாகப் படிக்கிறார், ஏனெனில் பின்னால் ஒப்பந்தத்தில் மைல்கற்களாக மாறுவதும் இதே வரிகள்தான். அவரைக் கவர்வதற்காக "ஒரே ஆண்டில் சந்தைக்கு" என்று எழுதினால், அது உங்களையே கட்டும்.

பூஞ்சைச் சோதனைக்கான திட்டத்தில் நான் பார்த்த பெரிய ஓட்டை, மருத்துவச் சரிபார்ப்புக்கான மாதிரிகள் எங்கிருந்து வரும் என்பது. ஆக்கிரமிப்புப் பூஞ்சைத் தொற்று (ரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் பரவும் தொற்று) உள்ள நோயாளிகள் குறைவு. உறுதி செய்யப்பட்டவர்கள் இன்னும் குறைவு, காரணம் ஒப்பிடப் பயன்படும் ரத்தக் கல்ச்சரே (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கேண்டிடா தொற்றில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடுகிறது. ஆகவே உங்கள் சோதனை பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ் என்று வந்தால் யார் சொல்வது சரி என்று எப்படி முடிவெடுப்பீர்கள் என்பதையும் எழுத வேண்டும். காக்சிடியாய்டிஸ் என்றால் நோயாளிகள் அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும்தான் அதிகம். அங்கே ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் கடிதம் இருந்தால் இணையுங்கள். அதன் கல்ச்சரைக் கையாள மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். அதை எங்கே வாடகைக்கு எடுப்பீர்கள் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

எஃப்டிஏ வழியையும் சொல்லுங்கள். முன்பே ஒப்புதல் பெற்ற ஒத்த சோதனை இருந்தால் 510(கே) என்ற வழி, இல்லாவிட்டால் டி நோவோ என்ற வழி, ஆபத்து அதிகம் என்றால் பிஎம்ஏ என்ற முழு முன்னொப்புதல் வழி. ஒரே ஆய்வகத்துக்குள் நடத்தும் சோதனைகளையும் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர எஃப்டிஏ 2024இல் போட்ட விதியை டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. உங்கள் திட்டம் அந்த வழியை நம்பியிருந்தால் பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்பாதீர்கள்.

உற்பத்தி இன்னொரு முட்டுச்சந்து. இந்த உரிமத்தில் அமெரிக்காவில் விற்கும் பொருளைக் கணிசமாக அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் வழக்கமான நிபந்தனை, தனி உரிமத்துக்கு மட்டுமல்ல. இந்தியாவில் ஸ்ட்ரிப் செய்து அங்கே பெட்டியில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் விலக்குக் கேட்க வேண்டியிருக்கும். முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் முடியும் வேளையில் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து.

திட்டத்தில் உள்ள வணிக விவரங்களைத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் வெளியிடாமல் காக்க விதி உண்டு. பயந்து மொட்டையாக எழுதாதீர்கள்.

9. 15 நாள் அறிவிப்பு

தனி உரிமம் தருவதற்கு முன் அரசு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழில் அறிவிப்பு வெளியிடும். உங்கள் நிறுவனத்தின் பெயர், ஊர், காப்புரிமைகள், நீங்கள் கேட்ட எல்லை எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கும். குறைந்தது 15 நாள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அதே உரிமத்துக்கு இன்னொருவர் முழு விண்ணப்பம் கொடுத்தால் அதையும் ஆட்சேபமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் திட்டம் போட்டியாளருக்குத் தெரியும் நாள் இதுதான். முதலீட்டாளரிடமும் கூட்டாளியிடமும் அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் அதை அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அறிவிப்பு வந்துவிட்டாலே உரிமம் வந்துவிட்டது என்று செய்தி வெளியிட்ட ஒரு நிறுவனத்தைப் பார்த்திருக்கிறேன். அது உத்தேசம் மட்டும்தான்.

10. இப்போது விலை

கையெழுத்திடும்போது ஒரு தொகை, ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்ச ராயல்டி, மைல்கல் தொட்டால் ஒரு தொகை, விற்பனையில் ஒரு சதவீதம், காப்புரிமைச் செலவில் பங்கு. இந்த ஐந்தும் ஒன்றையொன்று இழுக்கும். பணம் இல்லாத சிறு நிறுவனம் முன்தொகையைக் குறைத்து மைல்கல் தொகையை உயர்த்தக் கேட்கலாம். புது நிறுவனங்களுக்கென்றே எளிய நிபந்தனைகளுடன் ஒரு மாதிரி ஒப்பந்தம் என்ஐஎச்-இல் இருந்தது. இப்போது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

பலரும் கவனிக்காதது, ராயல்டி எதன் மேல் என்பது. உங்கள் கிட் ஐந்து பூஞ்சைகளைப் பார்க்கிறது, இந்தக் காப்புரிமை அவற்றில் ஒன்றைத்தான் தொடுகிறது என்றால் முழு கிட் விலையின் மேல் சதவீதம் கொடுக்காதீர்கள். பிரித்துக் கணக்கிடும் விதியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அசையாத ஷரத்துகளோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அமெரிக்க அரசுக்காக இலவசமாகப் பயன்படுத்தும் உரிமையை அரசு எப்போதும் வைத்துக்கொள்ளும், அது சட்டம். அரசு உங்களுக்கு இழப்பீட்டு உறுதியும் தராது.

11. கையெழுத்துக்குப் பிறகு

ஆண்டறிக்கை கட்டாயம். ஒன்றும் நடக்காத ஆண்டிலும் "ஒன்றும் நடக்கவில்லை, காரணம் இது" என்று எழுதி அனுப்புங்கள். திட்டப்படி நடக்கவில்லை என்றால் உரிமத்தை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. மைல்கல் தவறப்போகிறது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே திருத்தம் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பது திருத்தம் இல்லை, மன்னிப்பு.

கிட் பெட்டியிலும் விளம்பரத்திலும் சிடிசி, என்ஐஎச் பெயரை அவர்களே பரிந்துரைப்பதுபோல் அச்சிடக் கூடாது. எங்கள் முதல் பெட்டி வடிவமைப்பில் அந்தப் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் யாரோ ஒப்பந்தத்தை மறுபடி புரட்டிப் பார்த்ததால் பிழைத்தோம்.